நூற்றுக்கு 72: அந்த நூறு பேர் யார்?

அமெரிக்க அதிபர் தேர்தல் நடக்கும் ஒவ்வொரு முறையும் நம்மூர்த் தொலைக்காட்சிகளிலும் சிவப்பும் நீலமுமாக ஒரு வரைபடம் வந்துவிடுகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: வேட்பாளர் தன் சொந்த மாநிலத்தில் ஜெயிக்கிறாரா? சொந்த மண்ணில் தோற்றவர் என்றால் அதை ஒரு வசை போலவே சொல்கிறார்கள். "கூடப் பிறந்து வளர்ந்தவர்களே நம்பாத ஆளை நாடு எப்படி நம்பும்?"

இதற்கு எடுத்துக்காட்டாக எப்போதும் இழுக்கப்படுபவர் அல் கோர். அமெரிக்காவில் மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வர் வாக்குகள் என்று ஒரு கணக்கு. மொத்தம் 538, வெல்வதற்கு 270 வேண்டும். மேய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலிடம் வந்தவருக்கே அம்மாநிலத்தின் தேர்வர் வாக்குகள் அத்தனையும். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் அல் கோர் தன் சொந்த மாநிலமான டென்னசியைச் சுமார் 80,000 வாக்குகளில் இழந்தார். அதற்கு 11 தேர்வர் வாக்குகள். அதை மட்டும் பிடித்திருந்தால் பிளோரிடாவின் 537 வாக்குகளுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றிருக்கவே வேண்டாம்; அவரே அதிபர்.

ஆய்வாளர்களும் இதை விட்டுவைக்கவில்லை. அதிபர் வேட்பாளருக்கு அவரது சொந்த மாநிலம் சராசரியாக 4 சதவீதப் புள்ளி அளவுக்குக் கூடுதல் ஆதரவு தருகிறது என்று 1983இல் லூயிஸ்-பெக், ரைஸ் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டார்: "சதவீதம்னா நூத்துக்கு எத்தனைன்னு அர்த்தம். அந்த நூறு பேர் யாரு?"

சேரியில் பிறந்தவருக்குத்தான் இந்தக் கேள்வி இவ்வளவு எளிதாக வரும் என்று நினைக்கிறோம். "ஊர் கூடி முடிவெடுத்தது" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அந்த ஊரில் சேரி கிடையாது. முடிவு சேரியைப் பற்றியதாகவே இருந்தாலும் கூடியது ஊர்தான். சொந்த ஊர், சொந்த மண், சொந்த மாநிலம் என்ற சொற்களைக் கேட்டவுடன் நமக்கு உள்ளே ஏதோ நெருடுவது அதனால்தான். அந்த நெருடலோடு அமெரிக்கத் தேர்தல் கணக்குகளைத் திருப்பிப் பார்த்தால் வேறு சில செய்திகள் கிடைக்கின்றன.

1948. ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஹாரி ட்ரூமன், கறுப்பின மக்களின் குடியுரிமைகளுக்கான திட்டம் ஒன்றை அந்த ஆண்டு பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். ஜூலையில் ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அதே மாதம் பிலடெல்பியாவில் கூடிய கட்சி மாநாட்டில் மினியாபொலிஸ் நகர மேயர் ஹியூபர்ட் ஹம்ப்ரி குடியுரிமைகளுக்காக முழங்க, தீர்மானம் நிறைவேறியது. மிசிசிப்பிப் பிரதிநிதிகளும் அலபாமாவில் பாதிப் பேரும் வெளிநடப்புச் செய்தார்கள். அடுத்த சில நாட்களில் தெற்கத்திய வெள்ளையர்கள் பர்மிங்காமில் கூடித் தங்களுக்கென ஓர் அதிபர் வேட்பாளரை நிறுத்தினார்கள். அவர்தான் தெற்குக் கரோலைனாவின் ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்ட்.

அவர்கள் கட்சிக்கு வைத்த பெயர் 'மாநில உரிமை ஜனநாயகக் கட்சி'. மாநில உரிமை என்பது தமிழ்நாட்டில் நல்ல சொல். நாமும் அதற்காகக் குரல் கொடுக்கிறவர்கள்தான். ஆனால் அந்த உரிமையை மாநிலத்துக்குள் யார் கையில் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்காமல் அந்தச் சொல்லை நாம் வாங்கிக்கொள்ளக் கூடாது. தர்மண்ட் கேட்ட மாநில உரிமை, தன் மாநிலத்துக் கறுப்பின மக்களைத் தான் நினைத்தபடி ஒதுக்கிவைக்கும் உரிமை.

நவம்பர் 2இல் தேர்தல். நாடு முழுவதும் தர்மண்டுக்குக் கிடைத்தது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. சொந்த மாநிலத்தில் மட்டும் 72 சதவீதம். சொந்த மண்ணில் செல்வாக்கு என்று பார்த்தால் அல் கோரை விடுங்கள், அவ்வாண்டு வெற்றிபெற்ற ட்ரூமனே தன் சொந்த மிசௌரியில் 60 சதவீதத்தைத் தொடவில்லை.

இப்போது அந்த மாணவியின் கேள்வி. தெற்குக் கரோலைனாவின் மக்கள்தொகை 1950 கணக்கெடுப்பின்படி சுமார் 21 லட்சம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். 1948 அதிபர் தேர்தலில் அங்கே பதிவான மொத்த வாக்குகள் சுமார் 1 லட்சத்து 42 ஆயிரம். தர்மண்ட் வாங்கியது 1 லட்சத்து 2 ஆயிரத்துச் சொச்சம். 21 லட்சம் பேர் வாழ்ந்த மாநிலத்தில் இதுதான் அந்த 72. ஹம்ப்ரியின் மினசோட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சுமார் 30 லட்சம் மக்கள், அதே தேர்தலில் பதிவான வாக்குகள் 12 லட்சத்துக்கும் மேல்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தெற்குக் கரோலைனாவில் அப்போது ஒரே கட்சி ஆட்சி. உண்மையான போட்டி நவம்பரில் அல்ல, அதற்கு முன் நடக்கும் கட்சியின் உட்தேர்தலில்தான். அதனால் நவம்பரில் வெள்ளையரிலும் பலர் வாக்களிக்க வருவதில்லை. தவிர, அந்த நான்கு மாநிலங்களில், அதாவது தர்மண்ட் வென்ற தெற்குக் கரோலைனா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானாவில், ஜனநாயகக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராக வாக்குச்சீட்டில் இடம்பெற்றவரே தர்மண்ட்தான். உதயசூரியனையோ இரட்டை இலையையோ தேர்தல் நேரத்தில் வேறோர் ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அலபாமாவில் ட்ரூமனின் பெயரே வாக்குச்சீட்டில் இல்லை. பதவியில் இருக்கும் அதிபருக்கு வாக்களிக்க ஒருவர் விரும்பினாலும் முடியாது.

ஆனால் இவையெல்லாம் அந்தக் கணக்கின் ஓரங்கள். நடுவில் இருப்பது வேறு. அடிமை முறை ஒழிந்தபின் 1868இல் தெற்குக் கரோலைனாவுக்கு அரசியல் சட்டம் எழுதிய அவையில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அந்த மாநிலச் சட்டமன்றத்திலும் அவர்கள் பெரும்பான்மையாக உட்கார்ந்தார்கள். அதைக் கொலையாலும் மிரட்டலாலும் கவிழ்த்தவர்களில் ஒருவர் பென் டில்மன். 1895இல் அவர் முன்னின்று எழுதவைத்த புதிய அரசியல் சட்டம் எழுத்தறிவுச் சோதனை, தலைவரி, சொத்துத் தகுதி என்று அடுக்கி, கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலிலிருந்து துடைத்தெடுத்தது. டில்மன் எட்ஜ்பீல்டு கவுண்டிக்காரர். கவுண்டி என்பது நம் வட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. தர்மண்டும் அதே எட்ஜ்பீல்டுக்காரர். சொந்த ஊர்ப் பெருமையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1944இல் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கும் உட்தேர்தல் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. தெற்குக் கரோலைனா என்ன செய்தது தெரியுமா? சட்டமன்றத்தைக் கூட்டி, உட்தேர்தல் பற்றிய சட்டங்கள் அத்தனையையும் நீக்கிவிட்டது. இனிக் கட்சி என்பது ஒரு தனியார் சங்கம். தனியார் சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்பது சங்கத்தின் இஷ்டம். பொதுக்கோயிலைத் தங்கள் குடும்பக் கோயில் என்று ஒரே நாளில் மாற்றிச் சொல்லும் வித்தையை நாம் பார்த்ததில்லையா என்ன.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஜார்ஜ் எல்மோர், கொலம்பியா நகரில் கடை வைத்திருந்த கறுப்பினத்தவர். 1947 ஜூலையில் நீதிபதி வேட்டிஸ் வேரிங் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். வேரிங் வெள்ளையர், சார்ல்ஸ்டனின் பழங்குடும்பத்தவர். கட்சி விடவில்லை, நிறப் பிரிவினையை ஆதரிப்பதாகச் சத்தியம் செய்தால்தான் வாக்களிக்கலாம் என்றது. வேரிங் அதையும் 1948இல் அடித்துப்போட்டார். அந்த ஆகஸ்ட் உட்தேர்தலில் சுமார் 35,000 கறுப்பின மக்கள் வாக்களித்தார்கள். தர்மண்ட் போட்டியிட்ட அதே ஆண்டு. அவர் அவ்வளவு பதறியதற்குக் காரணம் தொலைவில் வாஷிங்டனில் மட்டும் இல்லை. சேரி ஊருக்குள் வரத் தொடங்கிவிட்டது.

எல்மோரின் வீட்டு முன் சிலுவை எரித்தார்கள். அவர் கடைக்குச் சரக்கு தர மறுத்தார்கள். கடையும் வீடும் போயின. சொந்த நகரில் எல்லோராலும் ஒதுக்கப்பட்ட வேரிங் 1952இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1968இல் அவர் உடல் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பியபோது அடக்கத்துக்கு வந்த வெள்ளையர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கறுப்பின மக்கள்தான் திரளாக வந்து நின்றார்கள். சொந்த மண்ணில் செல்வாக்கு என்பதற்கு இவரையும் ஒரு கணக்காக எழுதிக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

தர்மண்டின் வீட்டுக்குள் இருந்த கணக்கு இன்னும் மோசம். 1925இல், அவருக்கு 22 வயதாக இருந்தபோது, அவர் குடும்பத்தில் வீட்டு வேலை செய்த கேரி பட்லர் என்ற 16 வயதுக் கறுப்பினப் பெண்ணுக்கு அவரால் ஒரு மகள் பிறந்தாள். எஸ்ஸி மே. குழந்தையைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பி உறவினர் வளர்த்தார்கள். வெள்ளை மனிதரான தன் தகப்பனை அவர் முதன்முதலில் பார்த்தது 1941இல்தான். 1940களின் பிற்பகுதியில் அவர் தெற்குக் கரோலைனாவிலேயே, ஆரஞ்ச்பர்க்கில் கறுப்பின மாணவர்களுக்கென இருந்த கல்லூரியில் படித்தார். ஆளுநரான தகப்பன் அங்கே போய் அவரைப் பார்த்துக் கையில் பணம் கொடுத்துவிட்டு வருவார். மேடையேறினால், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில், ஒரே நீச்சல் குளத்தில், ஒரே வீட்டில் இருக்க விடமாட்டோம் என்று முழங்குவார். எஸ்ஸி மே வாயைத் திறந்து உலகத்துக்குச் சொன்னது 2003 டிசம்பரில், தன் 78ஆவது வயதில், தர்மண்ட் 100 வயதில் இறந்து ஆறு மாதம் கழித்து. மாநிலத் தலைமையகத்தின் வளாகத்தில் நிற்கும் தர்மண்ட் சிலையின் பீடத்தில் நான்கு பிள்ளைகளின் தந்தை என்று பொறித்திருந்ததை 2004இல் ஐந்து என்று திருத்தினார்கள். இவர் பெயரும் சேர்ந்தது. கல்லில் நான்கை அழித்து ஐந்தாக்கிய தடம் தெரிகிறது என்கிறார்கள். பண்ணை வீட்டுக்குள் பிறந்து சேரிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அமெரிக்காவில் அந்த வாக்குகளை எண்ணி முடித்த இரண்டாம் நாள், 1948 நவம்பர் 4, தில்லியில் அண்ணல் அம்பேத்கர் வரைவு அரசியல் சட்டத்தை அவையில் முன்வைத்துப் பேசினார். கிராமக் குடியரசைப் புகழ்ந்து பேசியவர்களை அன்று அவர் சாடியது எல்லோருக்கும் தெரியும். அதோடு சேர்த்து அவர் சொன்ன இன்னொன்றை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்: இந்தச் சட்டம் கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக அவர் மகிழ்ந்தார். ஊரை எண்ணாதே, ஆளை எண்ணு. தர்மண்டின் 72 எப்படி வந்தது என்று தெரிந்தவர்களுக்கு அதன் எடை புரியும். இதற்கு இரண்டாண்டு முன்னரே அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதியிருந்தார். இரு நாட்டு ஒதுக்கல்களும் ஒரே மாதிரியானவை என்பது அவருக்குத் தெரியும்.

வலதுசாரிகள் மட்டும் இப்படிப்பட்ட கணக்கில் வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிராங்ளின் ரூஸ்வெல்ட் தன் சொந்த நியூயார்க் மாநிலத்தை நான்கு முறையும் வென்றார். தான் பிறந்த டச்சஸ் கவுண்டியை நான்கு முறையும் இழந்தார். பணக்காரப் பண்ணையார்களின் ஊர் அது. அதை நாம் பெருமையாகவே சொல்லலாம். ஆனால் அவருக்கு இரண்டாவது சொந்த மாநிலம் ஒன்று உண்டு. இளம்பிள்ளை வாதத்துக்குச் சிகிச்சைக்காகப் போய்வந்து, கடைசியில் உயிரும் விட்ட ஜார்ஜியா. 1932இல் அங்கே அவருக்கு 90 சதவீதத்துக்கும் மேல். தலைவரி கட்டியவர்களும் வெள்ளையர் உட்தேர்தலும் தந்த 90 அது. கறுப்பின மக்களை மரத்தில் தொங்கவிடுவதைத் தடுக்கும் மசோதா வந்தபோது, தெற்கத்திய உறுப்பினர்கள் மற்ற மசோதாக்களைத் தடுத்துவிடுவார்கள் என்று சொல்லி அவர் வெளிப்படையாக ஆதரிக்க மறுத்தார். செல்வாக்குக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர் அவர் இல்லை.

லிங்கன்? 1860இல் தன் மாநிலமான இல்லினாயை வென்றார், சுமார் 12,000 வாக்கு வித்தியாசத்தில். தான் வசித்த சங்கமன் கவுண்டியை இழந்தார். பிறந்த மாநிலமான கென்டக்கியில் அவருக்கு விழுந்தவை 1,364 வாக்குகள், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தெற்கில் பல மாநிலங்களில் அவருக்கு வாக்களிக்கச் சீட்டே கிடையாது. அவருக்கு வாக்களித்த இல்லினாயிலும் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லை. அவர்கள் அங்கே குடியேறுவதையே 1853இல் ஒரு சட்டம் தடை செய்திருந்தது. யாருடைய விடுதலைக்காக அந்தத் தேர்தல் நினைவுகூரப்படுகிறதோ அவர்களில் ஒருவர் வாக்குகூட, லிங்கனின் சொந்த மாநிலத்துக் கணக்கில் சேரவில்லை.

இனி அலபாமா. ஜார்ஜ் வாலஸ் 1963இல் அந்த மாநிலத்தின் ஆளுநராகி, நிறப் பிரிவினை என்றென்றைக்கும் நிலைக்கும் என்று பதவியேற்பு மேடையிலேயே அறிவித்தவர். 1968இல் தனிக் கட்சி கண்டு அதிபர் தேர்தலில் நின்றார். நாடு முழுவதும் 13 சதவீதத்துக்கு மேல், ஐந்து மாநிலங்களில் வெற்றி, சொந்த அலபாமாவில் சுமார் 66 சதவீதம். அங்கே அவரை எதிர்த்து வாக்கு வாங்கியவர்களில் முதல்வர், இருபது ஆண்டுகளுக்கு முன் பிலடெல்பியாவில் முழங்கிய அதே ஹம்ப்ரி. சுமார் 19 சதவீதம்.

தர்மண்டின் 72க்கும் வாலஸின் 66க்கும் நடுவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்துவிட்டது. அலபாமாவில் வாக்காளராகப் பதிந்த கறுப்பினத்தவர் சுமார் 19 சதவீதத்திலிருந்து இரண்டே ஆண்டுகளில் 50 சதவீதத்தைத் தாண்டினார்கள். வாலஸின் சொந்த மாநிலத்துக்குள் இன்னொரு அலபாமா எழுந்து நின்றது. அதன் தொடக்கத்தைப் பார்க்க லவுண்டஸ் கவுண்டிக்குப் போக வேண்டும்.

செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்த புகழ்பெற்ற பேரணி இந்தக் கவுண்டி வழியாகத்தான் போனது. மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். பெரும்பாலும் வெள்ளையர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர்செய்தவர்கள். 1965 மார்ச் 1 அன்று அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. வெள்ளையர்களோ, தகுதியுள்ளவர் எண்ணிக்கையைவிட அதிகமாகப் பதிவாகியிருந்தார்கள். நூற்றுக்கு நூற்றைத் தாண்டி! செத்தவர் வாக்கு நமக்கும் தெரிந்த சங்கதிதான். அந்த மாதமே முதன்முதலில் பதிவான கறுப்பினத்தவர் இருவர். அவர்களில் ஒருவர் ஜான் ஹியூலட்.

பதிவு செய்தவர்களைப் பண்ணையார்கள் நிலத்தைவிட்டு விரட்டினார்கள். அவர்கள் நெடுஞ்சாலையோரம் கூடாரம் அடித்துக் குளிரில் கிடந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் உள்ளூர்க் கிளை வேட்புமனுக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக உயர்த்தியது. மக்கள் அந்தக் கட்சியை நம்பாமல் தனிக் கட்சி கண்டார்கள். மாணவர் இயக்கத்திலிருந்து வந்த ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்றவர்கள் உடன் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர் என்பதால் கட்சிக்குச் சின்னம் வேண்டும். அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் ஒரு வெள்ளைச் சேவல்; அதன் மேல் 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்று வாசகமே அச்சிட்டிருந்தார்கள், 1966 வரை. அதற்கு எதிராக லவுண்டஸ் மக்கள் தேர்ந்தெடுத்த சின்னம் பாயும் கருஞ்சிறுத்தை.

1966 நவம்பரில் அவர்களின் வேட்பாளர்கள் அத்தனை பேரும் தோற்றார்கள். அதற்குள் அந்தச் சிறுத்தை கலிபோர்னியாவின் ஓக்லண்டுக்குப் போய்விட்டது. அங்கே ஹியூ நியூட்டனும் பாபி சீலும் அக்டோபரில் தொடங்கிய கட்சிக்குப் பெயராகியிருந்தது. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜே.வி. பவாரும் தலித் சிறுத்தைகளைத் தொடங்கினார்கள். 1980களில் மதுரைக்கு வந்தது. நம் சுவர்களில் வரையப்படும் சிறுத்தைக்குப் பூர்வீகம் கேட்டால் வாலஸின் சொந்த மாநிலம்தான். 66 சதவீதத்தில் சேராத மக்கள் வரைந்தது அது.

வாலஸ் பிறகு சுடப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். மார்ட்டின் லூதர் கிங் பணியாற்றிய மான்ட்கோமரி தேவாலயத்துக்கே 1979இல் போய், செய்ததற்கு வருத்தம் தெரிவித்தார். 1982இல் மீண்டும் ஆளுநர் தேர்தலில் நின்றபோது கறுப்பின மக்களில் கணிசமானோர் அவருக்கு வாக்களித்தார்கள். அது மனமாற்றமா, வாக்கு எண்ணிக்கை மாறியதால் வந்த மாற்றமா என்று எங்கள் வட்டத்தில் ஒரு மாலை முழுக்கச் சண்டை நடந்தது. கேட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் அவர் கேட்டார் என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை.

1983 ஜனவரியில் வாலஸ் நான்காம் முறையாக ஆளுநர் பொறுப்பேற்றபோது, லவுண்டஸ் கவுண்டியின் ஷெரிப் ஜான் ஹியூலட். 1970 தேர்தலில் வென்று வந்த அவர் 22 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.